சகலையின் ஸ்பீக்கர்

வீட்டில் அவர் பெரிய மாப்பிள்ளை. தொழிலில் காதுக்காரர். பாட்டு, விளம்பரம், நாடகத்துக்கான சத்தம் என்று யார் எதைப் பதிவு செய்து கொண்டுவந்தாலும், தனித்தனியாகக் கிடக்கும் குரலையும் வாத்தியத்தையும் அளவு பார்த்துக் கலந்து ஒன்றாக்கிக் கொடுப்பது அவர் வேலை. ஒரு அச்சகத்தின் மேல்மாடியில் அவருடைய ஸ்டுடியோ இருந்தது. ஸ்டுடியோ என்றால் ஒரே ஒரு அறை. இருந்த ஒரு ஜன்னலையும் பழைய மெத்தையால் அடைத்து வைத்திருந்தார். கீழே மெஷின் ஓடும்போது நாற்காலிக் கால் லேசாக நடுங்கும். அந்த நேரத்தில் டீ குடிக்கப் போய்விடுவார்.

மேஜை மேல் இரண்டு மானிட்டர் ஸ்பீக்கர்கள். வீட்டு ஸ்பீக்கர் பாட்டைக் கொஞ்சம் அலங்காரம் பண்ணிக் காட்டினால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். மானிட்டர் அப்படிச் செய்யக்கூடாது, உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். அது எந்த அளவுக்கு உண்மை பேசும் என்று கம்பெனிக்காரர்கள் ஒரு தாளில் அச்சடித்துக் கொடுப்பார்கள். காதுக்காரர் வைத்திருந்த ஜோடிக்கு, ஐம்பத்தைந்து ஹெர்ட்ஸிலிருந்து இருபதாயிரம் வரை, கூடக்குறைய மூன்று டெசிபெல் என்று போட்டிருந்தது. கனமான டிரம் அடியிலிருந்து சிம்பலின் சிலிர்ப்பு வரை எல்லாவற்றையும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் கொடுக்கும், எங்கேயாவது ஏறினாலும் இறங்கினாலும் மூன்று டெசிபெலைத் தாண்டாது என்று அர்த்தம். அதை வைத்துக்கொண்டு பல வருஷம் நிம்மதியாக வேலை பார்த்தார். ஐம்பத்தைந்துக்குக் கீழே ஒரு உலகம் இருக்கிறது என்ற நினைப்பே அவருக்கு வந்ததில்லை.

அந்த நினைப்பைக் கொண்டுவந்தது அவர் சகலை.

மனைவியின் தங்கை புருஷன். அவரும் இதே தொழில்தான். வானொலி நிலையத்தில் சம்பளத்துக்கு இருந்தவர், திடீரென்று வேலையை விட்டுவிட்டு, இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டின் கீழ்த்தளத்தை வாடகைக்கு எடுத்துச் சொந்தமாக ஸ்டுடியோ போட்டார். திறப்பு அன்றைக்குக் குடும்பமே போயிருந்தது. காதுக்காரரும் போனார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளேயிருந்து வந்த சத்தம் உள்ளங்காலில் தட்டுப்பட்டது. தரை அதிர்ந்தது. பதற்றமில்லாத, சுத்தமான அதிர்வு.

"வாங்க சகலை, உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டு இருக்கோம்" என்று சகலை கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் நடு நாற்காலியில் உட்கார வைத்தார். எதிரே இரண்டு புது ஸ்பீக்கர்கள். கருப்பு நிறத்தில், எதற்கும் அசையாத முகத்தோடு நின்றன.

மாமனார் ஏற்கெனவே தாளைக் கையில் வைத்திருந்தார். மின்சார மீட்டர் ரீடிங் எடுத்து ஓய்வு பெற்றவர். எண்ணைப் பார்த்தால் வாய்விட்டுப் படித்துவிடுவார். "முப்பத்தெட்டுலருந்து இருபத்திரண்டாயிரம். கூடக்குறைய ரெண்டு. பெரிய மாப்பிள்ளை, உங்களுது எவ்வளவு?"

"ஐம்பத்தஞ்சு மாமா."

"அட, அப்ப உங்களுதுதான் ஜாஸ்தி!"

"இல்லப்பா, இதுல கம்மியா இருந்தாத்தான் நல்லது, அவ்வளவு கனமான சத்தம் வரைக்கும் இறங்கும்" என்றாள் சின்ன மகள், புருஷன் பக்கம் பெருமையாகப் பார்த்துக்கொண்டு.

"ஓ" என்றார் மாமனார். அந்த 'ஓ' கொஞ்சம் நீளமாகவே இருந்தது. அப்புறம் அவர் பெரிய மாப்பிள்ளையை ஒரு தடவை, ஸ்பீக்கரை ஒரு தடவை பார்த்தார்.

வீடு திரும்பும் வழியில் மனைவி கேட்டாள். "என்னங்க, எங்க டாக்டர்கிட்ட பல்லு பிடுங்க உக்காந்திருக்கறவர் மாதிரி வர்றீங்க?" அவள் ஒரு பல் மருத்துவமனையில் வேலை பார்த்தாள். அந்த முகம் அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"ஒண்ணுமில்ல."

"நல்லாத்தானே இருந்துச்சு சத்தம்?"

"நல்லாத்தான் இருந்துச்சு. இப்ப யாரு இல்லன்னா?"

அன்றிலிருந்து அவருக்கு ஐம்பத்தைந்து என்ற எண்ணே பிடிக்காமல் போயிற்று. பஸ் நம்பர் ஐம்பத்தைந்தாக இருந்தால் அடுத்த பஸ்ஸுக்கு நின்றார் என்று மனைவி பிற்பாடு சொல்லிச் சிரிப்பாள். நிஜமோ பொய்யோ, சாப்பிடும்போது ஒரு கையில் சோறும் மறு கையில் போனுமாக ஸ்பீக்கர் கம்பெனிகளின் தாள்களைப் பார்த்துக்கொண்டிருந்தது நிஜம். யாராவது சகலையின் வேலையைப் புகழ்ந்தால், "எங்க வச்சுக் கேட்டீங்க? எந்த ரூம்ல?" என்று போலீஸ் மாதிரி விசாரிப்பார்.

இப்படி உள்ளுக்குள் புழுங்கிக்கொண்டிருந்த காலத்தில்தான் நாடகக்காரம்மா விஷயம் நடந்தது. அந்த அம்மா ஒரு நாடகக் குழு நடத்திக்கொண்டிருந்தார். காதுக்காரரிடம் வருஷக் கணக்காக வருபவர். மேடையில் மழை பெய்ய வேண்டும், கதவு அறைய வேண்டும், ஊர்வலம் போக வேண்டும் என்றால் இவரிடம்தான் வருவார். ஒருநாள் போனில், "இந்தத் தடவை உங்க சகலைகிட்டயே குடுத்துட்டேன், தப்பா எடுத்துக்காதீங்க. அங்க தரையே அதிருதுங்க" என்றார்.

"தப்பா எடுத்துக்க என்ன இருக்கு, நம்ம வீட்டுப் பிள்ளைதானே" என்று சொல்லிப் போனை வைத்தார் காதுக்காரர். நம்ம வீட்டுப் பிள்ளை என்ற வார்த்தையை அதற்கு முன்னும் பின்னும் அவர் அவ்வளவு கசப்பாக உச்சரித்ததில்லை.

அடுத்த வாரமே கடைக்குப் போனார். மனசில் ஒரே கணக்குதான். முப்பத்தெட்டுக்குக் கீழே. கடைக்காரர் ஒரு ஜோடியைக் காட்டினார். பளபளவென்று கூம்பு, சுற்றிலும் நீல விளக்கு. தாளில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது, முப்பது முதல் முப்பதாயிரம் வரை.

மனுஷக் காது இருபதாயிரத்தோடு நின்றுவிடும். மீதிப் பத்தாயிரம் வௌவாலுக்குத்தான் உதவும். காதுக்காரருக்கு இது தெரியும். அதைவிட முக்கியமான ஒன்றும் தெரியும். அந்தத் தாளில் 'கூடக்குறைய' என்ற வார்த்தையே இல்லை. முப்பது ஹெர்ட்ஸில் சத்தம் வரும் என்று போட்டிருந்தார்களே தவிர, எவ்வளவு வரும் என்று போடவில்லை. ஈனஸ்வரத்தில் முனகினாலும் வந்த மாதிரிதான். தொழிலுக்குப் புதிதாக வந்தவன் கூட முதலில் கேட்க வேண்டிய கேள்வி அது. அவர் கேட்கவில்லை. கேட்டால் வாங்க மனசு வராது. அவருக்கு வாங்க வேண்டும் போல இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மாமனாரைக் கூப்பிட்டுக் காட்டினார். "முப்பது!" என்று வாய்விட்டுப் படித்தார் மாமனார். "அப்ப நீங்க ஜெயிச்சிட்டீங்க மாப்பிள்ளை." அன்றைக்குக் காதுக்காரர் ரெண்டு தட்டு சாப்பிட்டார்.

புது ஸ்பீக்கரில் எல்லாமே அற்புதமாகக் கேட்டது. அதுதான் வினை. பழைய பாட்டுகளைப் போட்டால் பேஸ் பொங்கி வந்தது, மேலே சிம்பல் தூறலாய் மின்னியது. தன்னுடைய பழைய வேலைகளே இவ்வளவு நன்றாக இருந்தனவா என்று அவருக்கே கண் கலங்கியது. நாடகக்காரம்மாவுக்குப் போன் போட்டு, "ஒரு தடவை வந்து கேட்டுட்டுப் போங்க" என்றார். அவரும் வந்தார், கேட்டார், வாய் பிளந்தார். அடுத்த நாடகத்தின் சத்த வேலை முழுக்க இவர் கைக்கு வந்தது. அதில் முக்கியமான இடம், ஒரு ரயில் மேடைக்குப் பின்னால் வந்து நிற்பது. ஜனம் பார்க்காத ரயில். வெறும் சத்தத்தில்தான் அது வர வேண்டும்.

காதுக்காரர் அந்த ரயிலை ஆசை ஆசையாகக் கலந்தார். என்ஜின் உறுமல் அறையை நிறைத்தது. கொஞ்சம் அதிகமாய்ப் பட்டதால் அடிச்சத்தத்தைக் குறைத்தார். இன்னும் குறைத்தார். சக்கரத்தின் கிரீச்சும் காதைக் குத்துகிற மாதிரி இருந்தது, அதையும் மழுக்கினார். கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு கேட்டபோது ரயில் கச்சிதமாக வந்து நின்றது.

ஒத்திகை அரங்கத்தில் அது வேறு மாதிரி வந்தது. முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த காதுக்காரர் காதாலேயே கேட்டார். என்ஜினும் இல்லை, உறுமலும் இல்லை. கம்பளிக்குள் சுருட்டி வைத்த தகர டப்பா உருண்டு போவது போல ஒன்று போயிற்று. பிளாட்பாரத்தில் நிற்பதாக நடித்த பெண், ரயில் வந்ததே தெரியாமல் நின்றுகொண்டிருந்தாள். பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள்.

நாடகக்காரம்மா கத்தவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தணிந்த குரலில், "ஒண்ணு பண்ணுங்களேன். உங்க சகலைகிட்ட ஒரு தடவை போட்டுக் காட்டிட்டு வாங்களேன்" என்றார்.

அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். காதுக்காரருக்குக் காதில் புகை வந்தது.

வீட்டுக்கு வந்ததும் ஸ்பீக்கரைப் பற்றித்தான் யோசித்தார். ஆனால் தன் ஸ்பீக்கரைப் பற்றி அல்ல. பொறாமை பிடித்த மனசு தன் வீட்டுக் கூரை ஒழுகும்போது பக்கத்து வீட்டுக் கூரையில் ஓட்டை தேடும். தாளில் போடுவதெல்லாம் பொய்தான் என்றால் சகலையின் தாளும் பொய்யாகத்தானே இருக்க வேண்டும்? முப்பத்தெட்டாவது, கூடக்குறைய ரெண்டாவது! ஒரு நண்பரிடமிருந்து அளவெடுக்கிற மைக்கை இரவல் வாங்கினார். ஸ்பீக்கரில் அடியிலிருந்து உச்சி வரைக்கும் ஒரு ஊளைச் சத்தத்தை ஓடவிட்டு, இந்த மைக்கால் பிடித்தால், எங்கே ஏற்றம் எங்கே இறக்கம் என்று லேப்டாப்பில் கோடு போட்டுக் காட்டிவிடும்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் எல்லோரும் சகலை வீட்டில் சாப்பாட்டுக்குக் கூடியிருந்தார்கள். சாப்பிட்டு முடித்ததும் காதுக்காரர் பையைத் திறந்தார். "சும்மா ஒரு டெஸ்ட் பண்ணிப் பார்ப்போமா சகலை? புது மைக்கு கைக்கு வந்திருக்கு."

"தாராளமா" என்றார் சகலை.

"மாமா, நீங்களும் வாங்க" என்றார் காதுக்காரர். சாட்சி வேண்டுமே.

மாமனார், மனைவி, அவள் தங்கை எல்லோரும் ஸ்டுடியோவுக்குள் நெருக்கியடித்து நின்றார்கள். மைக்கை நடு நாற்காலியில் காது இருக்கும் உயரத்தில் நிறுத்தினார். ஊளை ஓடியது. தங்கை காதைப் பொத்திக்கொண்டாள். லேப்டாப்பில் கோடு விழுந்தது. தொண்ணூறு ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒரு பள்ளம். சின்னப் பள்ளம் இல்லை, ஆளை இறக்கிப் புதைக்கலாம் போல இருந்தது.

"மாமா, இங்க பாருங்க" என்று விரலை வைத்தார். "தாள்ல ரெண்டுன்னு போட்டிருக்கான். இங்க ஒம்பது டெசிபெல் பள்ளம். ஒம்பது!"

"ஒம்பது" என்று படித்தார் மாமனார்.

எல்லோரும் சகலையைப் பார்த்தார்கள். அவர் முகம் சுண்டும் என்று காதுக்காரர் எதிர்பார்த்தார். அவர் தலையை ஆட்டினார். "ஆமா சகலை, அந்தப் பள்ளம் மொத வாரத்துலருந்தே இருக்கு. அது ஸ்பீக்கரோடது இல்ல, சுவத்தோடது. ஒரு கை பிடிங்க, காட்டறேன்."

இருவருமாக ஸ்பீக்கர்களைத் தூக்கிப் பின்சுவரை ஒட்டி நகர்த்தினார்கள். மறுபடி ஊளை ஓடியது. தொண்ணூறில் இருந்த பள்ளம் அங்கே இல்லை. மேலே வேறு இடத்தில் போய் உட்கார்ந்திருந்தது.

"பாத்தீங்களா? ஸ்பீக்கர்ல கோளாறுன்னா எங்க வச்சாலும் அதே எடத்துல இருக்கணும். இது பின்னாடி சுவத்துல பட்டுத் திரும்பி வர்ற சத்தமும் நேரா வர்ற சத்தமும் ஒண்ணையொண்ணு தின்னுடறது. கம்பெனிக்காரன் எதிரொலியே இல்லாத ரூம்ல, ஒரு மீட்டர் தள்ளி, நேரா மூஞ்சிக்கு எதிர மைக்க வச்சு எடுத்தது அந்தத் தாளு. அவன் பொய் சொல்லல. என் ரூமைப் பத்தி அவனுக்கு என்ன தெரியும்?"

இதெல்லாம் காதுக்காரருக்குத் தெரியாததா? தெரியும். ஜெயிக்க வேண்டும் என்ற அவசரத்தில் எல்லாவற்றையும் மூட்டை கட்டி ஓரமாய் வைத்துவிட்டுத்தான் வந்திருந்தார்.

"அப்ப பள்ளத்த வச்சுக்கிட்டு எப்படி மிக்ஸ் பண்றீங்க?" என்று கேட்டுவிட்டார்.

சகலை கொஞ்சம் வெட்கப்பட்டார். "சொன்னா சிரிக்கக் கூடாது. நீங்க பண்ணின பழைய வேலை ஏழெட்டு வச்சிருக்கேன். அதை மொதல்ல போட்டுக் கேட்பேன். உங்க பேஸ் இந்த ரூம்ல எப்படிக் கேக்குதோ, என்னுதும் அப்படிக் கேட்டா சரின்னு விட்டுடுவேன். அப்புறம் சமையல்கட்டு ரேடியோல ஒரு தடவை, கார்ல ஒரு தடவை. வானொலியில இருந்தப்பவே அப்படித்தான். உங்க மிக்ஸைக் கேட்டு எத்தனை நாள் எரிச்சல்பட்டிருக்கேன் தெரியுமா? அந்தக் கோவத்துலதான் இந்த ஸ்பீக்கரே வாங்கினேன்."

"ஆமா அத்தான், வீட்ல ஒரே புலம்பல்" என்றாள் தங்கை.

எல்லோரும் சிரித்தார்கள். காதுக்காரரும் சிரித்தார். ஆனால் உள்ளுக்குள் இன்னும் மோசமாயிருந்தது. பொறாமைப்பட்டதை இந்த மனுஷன் இப்படிச் சபையில் வைத்து, டீ கொடுக்கிற மாதிரி எடுத்துச் சொல்லிவிட்டாரே! தன்னால் அது முடியாது. இப்போது அதற்கும் சேர்த்துப் பொறாமையாக இருந்தது.

மறுநாள் காலையில் நீல விளக்கு ஸ்பீக்கரையும் பழைய ஸ்பீக்கரையும் வீட்டு மொட்டை மாடிக்குத் தூக்கிப் போனார். சுவர் இல்லாத இடம் வேண்டும். ஸ்பீக்கரை மாடி நடுவே தரையில் சாய்த்து வைத்து, மைக்கையும் தரையிலேயே படுக்க வைத்தார். அப்படி வைத்தால் தரையில் பட்டுத் தனியாகத் திரும்பி வரும் சத்தம் தொல்லை பண்ணாது. மனைவி லீவு போட்டுவிட்டு வயர் பிடித்தாள்.

நீல விளக்கின் கோடு விழுந்தது. எண்பதுக்கும் நூறுக்கும் நடுவில் ஒரு குன்று. மேலே பத்தாயிரத்தில் இன்னொன்று. ஐம்பதுக்குக் கீழே கோடு மாடியிலிருந்து குதித்தது போல விழுந்திருந்தது. முப்பதில் ஏதோ கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. ரயிலின் என்ஜினை அவர் எதற்காக அத்தனை வெட்டினார், கிரீச்சை எதற்காக மழுக்கினார் என்பதெல்லாம் அந்தக் கோட்டில் பளிச்சென்று இருந்தது. ஸ்பீக்கர் கூட்டிச் சொன்னதை நம்பி அவர் ரயிலை வெட்டியிருக்கிறார்.

பிறகு பழையதை வைத்தார். அழகான கோடு ஒன்றும் இல்லை. அங்கங்கே ஏறி இறங்கியது. ஆனால் ஐம்பத்தைந்திலிருந்து இருபதாயிரம் வரை எங்கேயும் மூன்றைத் தாண்டவில்லை.

"என்னங்க?" என்றாள் மனைவி.

"இது சொன்னதைச் செய்யுது. அது எதையுமே சொல்லல. நான்தான் சொன்னதா நெனச்சுக்கிட்டேன்."

"கடையில கேக்க வேண்டியதுதானே?"

"கேட்டிருந்தா வாங்கியிருக்க மாட்டேன்."

அவள் "வயரைச் சுத்தட்டுமா?" என்று மட்டும் கேட்டாள். அதற்காக அவர் மனசுக்குள் அவளுக்கு நன்றி சொன்னார்.

கம்பெனிக்கு எழுதிக் கேட்டதற்கு, அளவுகள் குறிப்பிட்ட நிபந்தனைகளுக்கு உட்பட்டவை என்று ஒரு வரி பதில் வந்தது. என்ன நிபந்தனை என்று கேட்டதற்குப் பதிலே வரவில்லை. நீல விளக்கு ஜோடியைப் பக்கத்துத் தெரு உடற்பயிற்சிக் கூடக்காரர் ஆசையாக வாங்கிக்கொண்டு போனார். அங்கே எல்லோருக்கும் ரொம்பப் பிடித்துப்போயிற்று.

காதுக்காரர் மேஜையைச் சுவரிலிருந்து நகர்த்திப் போட்டார். பழைய ஸ்பீக்கரில் ரயிலை முதலிலிருந்து கலந்தார். மனைவியின் பல் மருத்துவமனையில், நோயாளிகள் உட்காரும் அறையிலிருந்த சின்ன ஸ்பீக்கரில் கூட ஒரு தடவை போட்டுக் கேட்டார். காத்திருந்த ஒருத்தர் எழுந்து ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தார். அப்போதுதான் அவருக்குத் திருப்தி வந்தது. அடுத்த ஒத்திகையில் ரயில் வந்தது. பிளாட்பாரத்துப் பெண் யாரும் சொல்லாமலே இரண்டடி பின்வாங்கினாள். நாடகக்காரம்மா, "சகலைகிட்ட காட்டினீங்களா?" என்று கேட்டார். "காட்டினேன்" என்றார் காதுக்காரர். ரயிலை இல்லை, பள்ளத்தைக் காட்டியிருந்தார்; ஒரு விதத்தில் அது உண்மைதான்.

அதற்குப் பிறகு யாராவது ஸ்பீக்கர் வாங்க யோசனை கேட்டால் பொறுமையாகச் சொல்வார். "கூடக்குறைய எவ்வளவுன்னு போடாத தாளைத் திருப்பிக் குடுத்துடுங்க. போட்டிருந்தா, எந்த மாதிரி ரூம்ல எடுத்தான்னு கேளுங்க. கோடு ரொம்ப வழவழன்னு இருந்தா, மேடு பள்ளத்தையெல்லாம் சராசரி போட்டு இழைச்சிருப்பான். எல்லாம் சரியா இருந்தாலும் பாதிதான் நம்புங்க. மீதிப் பாதி உங்க சுவரு." இதைச் சொல்லும்போது ரொம்பத் தெளிந்த மனுஷனாகத் தெரிவார்.

பொறாமை போயிற்றா என்று கேட்டால், அது அவ்வளவு சுலபமாகப் போகிற சாமான் இல்லை. ஒரு வருஷம் கழித்து சகலைக்கு ஒரு முழு நீளப் படத்தின் ஒலிக்கலவை வேலை கிடைத்தது. முடித்ததும் முதலில் இவரைத்தான் கூப்பிட்டார். "நீங்க கேட்டு ஓகே சொன்னாத்தான் சகலை வெளிய விடுவேன்." காதுக்காரர் போய் நடு நாற்காலியில் உட்கார்ந்து, தொடக்கத்திலிருந்து முடிவு வரை கேட்டார். தப்புக் கண்டுபிடிக்க எவ்வளவோ பார்த்தார். ஒரு இடத்தில் காற்றுச் சத்தம் கொஞ்சம் தூக்கல் என்று சொன்னார். சகலை உடனே குறைத்தார். குறைத்ததும் இன்னும் நன்றாக ஆகிவிட்டது.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி மாட்டும்போது மனைவி கேட்டாள். "என்ன, மறுபடி மூஞ்சி தொங்குது? நல்லா இல்லையா?"

"ரொம்ப நல்லா இருந்துச்சு" என்றார் அவர். "அதான்."